31 பேர் வந்தார்கள், 11 பேர் மிஞ்சினார்கள்: கலைப் பட்டறையில் எங்கே பிசகுகிறது?

கேள்வி: எங்கள் பகுதி சமூகக் கூடத்தில் 13 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக நண்பர்கள் நால்வர் சேர்ந்து சனிக்கிழமைதோறும் 2 மணி நேரக் கலைப் பட்டறை நடத்தினோம். எட்டு வாரத் திட்டம். ஓவியம், நாடகம், களிமண், புகைப்படம், இசை என்று வாரம் ஒரு கலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கலைஞரை அழைத்தோம். முதல் சனிக்கிழமை 31 பேர் வந்தார்கள். நான்காவது வாரம் 11 பேர். வந்தவர்களும் பாதி நேரம் கைபேசியில்தான் இருந்தார்கள். கேட்டால் "போர் அடிக்குது" என்பதற்கு மேல் பதில் இல்லை. மறுபடி தொடங்க ஆசை. இந்த முறை கூடத்தின் வெளிச்சுவரில் (6 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரம்) பிள்ளைகளே ஒரு பெரிய ஓவியம் தீட்ட வேண்டும் என்று நினைக்கிறோம். எங்களில் ஒருவருக்கு மட்டும்தான் ஓவியப் பயிற்சி உண்டு. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: "வாரம் ஒரு கலை" என்று எழுதியிருக்கிறீர்களே, பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது. பட்டறைக்கு வந்த நாள் எல்லாம் அந்தப் பிள்ளைகள் புதுமுகமாகவே இருந்திருக்கிறார்கள். களிமண்ணில் முதல் முறை செய்த கிண்ணம் யாருக்கும் கோணலாகத்தான் வரும். அடுத்த வாரம் அதே மண்ணைத் தொட்டால்தான் எங்கே கோணியது என்பது கைக்குத் தெரியும். நீங்களோ அடுத்த வாரம் கேமராவைக் கொடுத்துவிட்டீர்கள். கைப்பழக்கம் வருவதற்குள் கலையே மாறிவிடுகிறது. பதினைந்து வயதில், கூடப் படிக்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வாரா வாரம் ஒன்றும் தெரியாதவராக நிற்பது சின்ன வேதனை இல்லை. அதைச் சொல்ல அவர்களிடம் இருக்கும் சொல்தான் 'போர்'.

மீதிப் பாதி கைபேசியில் இருக்கிறது. கைபேசி எப்போது வெளியே வருகிறது என்று கவனித்தீர்களா? அநேகமாகக் கை சும்மா இருக்கும்போதுதான். ஒரு கேமராவுக்கு ஆறு பேர், ஒரு மேளத்துக்கு எட்டுப் பேர் என்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? இதைக் கணக்காகவே போட்டுப் பாருங்கள். அச்சு எடுக்கும் பட்டறை ஒன்றில் 24 பேருக்கு மை பரப்ப ஒரே ஒரு மைப்பலகை, அதைத் தடவ ஒரே ஒரு ரோலர் என்று வையுங்கள். ஒருவர் மை தடவி, தாள் வைத்து, தேய்த்து எடுக்க 4 நிமிடம். கடைசி ஆளின் முறை வர 92 நிமிடம். பட்டறையே 120 நிமிடம்தான். ஆர்வம் குறைந்துவிட்டது என்று பெரியவர்கள் சொல்கிற இடங்களில் பெரும்பாலும் குறைந்திருப்பது ரோலர்.

ஆகவே இந்த முறை ஒரே கலைஞர், எட்டு வாரமும். வேலை இரண்டே இரண்டு, அதிலும் முதலாவது இரண்டாவதுக்குள் போய்ச் சேர வேண்டும். முதல் நான்கு வாரம் லினோ அச்சு, அதாவது லினோலியம் என்ற தகட்டில் உளியால் படம் வெட்டி, மை தடவித் தாளில் எடுப்பது. அடுத்த நான்கு வாரம் சுவர். அச்சிலிருந்து ஏன் தொடங்குவது என்றால், சுவருக்குத் தேவைப்படுவது தட்டையான, அழுத்தமான, தூரத்திலிருந்து தெரிகிற வடிவங்கள். பென்சிலும் வண்ணமும் கொடுத்து "சுவருக்கு ஒரு டிசைன் போடு" என்றால் நிழல், சாயல், மெல்லிய கோடு என்று வரும். அவற்றைப் பெரிதாக்கினால் சுவரில் கரைந்துவிடும். உளி அப்படி விடாது. வெட்டினால் வெள்ளை, விட்டால் கறுப்பு. நடுவில் எதுவும் இல்லை. பத்து சென்டிமீட்டர் லினோவில் தெளிவாக நிற்கிற வடிவம் ஒரு மீட்டர் சுவரிலும் நிற்கும்.

இன்னொரு காரணம், அச்சு தன் இயல்பிலேயே இரண்டாவது வாய்ப்பைக் கொடுக்கிற கலை. வெட்டிய ஒரே லினோவிலிருந்து பத்துப் பிரதி எடுக்கலாம். முதல் பிரதி திட்டுத்திட்டாக வந்தால் மை கூட்டி இரண்டாவது, அதுவும் நிரம்பி வழிந்தால் குறைத்து மூன்றாவது. பிழை எங்கே என்று ஆசிரியர் சொல்லவே வேண்டாம், இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் போதும். வியன்னாவில் 1897-இல் சிறுவர்களுக்கான கலை வகுப்பைத் தொடங்கிய ஃபிரான்ஸ் சிஷெக், தரைவிரிப்புக்கென்று கண்டுபிடிக்கப்பட்ட லினோலியத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். மெக்சிகோவில் 1937-இல் தொடங்கிய மக்கள் வரைகலைப் பட்டறையும் இதே லினோவைத்தான் சுவரொட்டிகளுக்குப் பயன்படுத்தியது. அங்கே ஒருவர் செய்ததை எல்லோரும் கூடிப் பேசித் திருத்தும் வழக்கம் இருந்தது. அதை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் சனிக்கிழமை உளியே வேண்டாம். பொட்டலத் தட்டுகளுக்குப் பயன்படுகிற வழவழப்பான நுரைத் தகட்டை 15-க்கு 10 சென்டிமீட்டராக வெட்டி வையுங்கள் (மணிமணியாக உதிர்கிற தெர்மோகோல் சரிவராது). அதில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி வரைய வேண்டியதுதான். அழுத்திய கோடு பள்ளமாகி, அச்சில் வெள்ளையாக விழும். மெதுவாக அழுத்தினால் பள்ளத்துக்குள் மை புகுந்து கோடு காணாமல் போகும். அதுதான் அன்றைய பாடம். கலையின் வரலாறு, வந்திருப்பவர் அறிமுகம், உங்கள் குழுவின் நோக்கம் எதுவும் வேண்டாம். பத்து நிமிடம் செய்து காட்டுங்கள், அவர்களிடம் விட்டுவிடுங்கள். வந்த முதல் 40 நிமிடத்துக்குள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிரதி இருக்க வேண்டும். வீட்டுக்குப் போகும்போது இரண்டு. அந்த இரண்டில் ஏதாவது ஒன்று வேறுபட்டிருக்க வேண்டும் என்பது மட்டும் விதி.

இரண்டாவது வாரம் லினோ. வழக்கமான தடிமன் 3.2 மி.மீ, அடியில் சணல் துணி ஒட்டியிருக்கும். பழைய லினோ காய்ந்து பொடிப்பொடியாக உதிரும், வாங்கும்போது ஓரத்தை லேசாக வளைத்துப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் வெயிலில் பத்து நிமிடம் வைத்தோ வெந்நீர்ப் பையின் மேல் வைத்தோ வெட்டக் கொடுங்கள், வெண்ணெய் மாதிரி போகும். குளிர்ந்த லினோவோடு மல்லுக்கட்டும்போதுதான் உளி வழுக்குகிறது.

வெட்டுவதற்கு முன்னால் படம் வேண்டுமே. "எனக்கு வரைய வராது" என்று குறைந்தது ஐந்து பேராவது சொல்வார்கள். அவர்களோடு வாதாடாதீர்கள், பென்சிலையும் கொடுக்காதீர்கள். கறுப்புத் தாளைக் கொடுத்துக் கையாலேயே கிழிக்கச் சொல்லுங்கள். ஒரு பறவை, ஒரு கை, ஒரு சைக்கிள் சக்கரம், தெருவில் தினமும் பார்க்கிற ஏதோ ஒன்று. கிழித்த தாளில் நுணுக்கம் வராது என்பதே அதன் பலம், லினோவுக்கு வேண்டிய வடிவம் தானாகக் கிடைத்துவிடும். நன்றாக வரைகிறவர்களும் பத்து நிமிடம் கிழித்துவிட்டுப் பிறகு பென்சிலைத் தொட்டால் நல்லது.

படத்தை மெல்லிய தாளில் மென்மையான பென்சிலால் அழுத்தி வரைந்து, அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி லினோவின் மேல் கவிழ்த்து, பின்பக்கம் தேய்த்தால் கோடு இறங்கிவிடும். இப்போது லினோவில் படம் இடம் வலமாக மாறியிருக்கும். அச்சில் மறுபடி மாறி நேராக வரும். தாளை விட்டுவிட்டு லினோவிலேயே நேரடியாகப் பெயர் எழுதி வெட்டுகிறவருக்குக் கடைசியில் பெயர் கண்ணாடியில் பார்த்தது போல வரும். ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது இதைச் செய்வார். ஒரு முறை நடக்க விடுங்கள், பிறகு யாரும் மறக்க மாட்டார்கள்.

உளியில் இரண்டு வகை போதும். கோடு இழுக்க வி வடிவ உளி, பெரிய இடத்தைச் சுரண்ட யு வடிவ உளி. ஆழம் ஒன்று, ஒன்றரை மி.மீ. அடியில் சணல் நூல் தெரிந்தால் ஆழம் அதிகம் என்று அர்த்தம். லினோவைத் தாங்க ஒரு தடுப்புப் பலகை அவசியம்: 25 செ.மீ அளவு பலகை, முன் விளிம்பில் கீழ்நோக்கி ஒரு சட்டம் (மேசை ஓரத்தைக் கவ்விக்கொள்ள), பின் விளிம்பில் மேல்நோக்கி ஒரு சட்டம் (லினோ முட்டி நிற்க). மரவேலை தெரிந்த யாரும் ஒரு மாலையில் பன்னிரண்டு செய்து கொடுப்பார். இந்தப் பலகை இல்லாவிட்டால் பிள்ளைகள் இடது கையால் லினோவை முன்பக்கம் பிடிப்பார்கள், உளி நேராக அந்தக் கையை நோக்கித்தான் போகும். பார்க்க வேண்டிய விதி ஒன்றே ஒன்று: பிடிக்கிற கை எப்போதும் உளிக்குப் பின்னால். வளைவு வந்தால் உளியைத் திருப்பக் கூடாது, லினோவைத்தான் திருப்ப வேண்டும். மழுங்கிய உளி கூர் உளியைவிட ஆபத்து. அதை அழுத்தித் தள்ளும்போதுதான் கை தப்பும். வெட்டுகிற மேசையில் ஆறு பேருக்கு ஒரு பெரியவர் நிற்கட்டும். உளிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்.

24 பேருக்கு 12 உளிதான் இருக்கிறதா? ஆளையும் பாதியாகப் பிரியுங்கள். பாதிப் பேர் வெட்டும்போது மற்றவர்கள் வரையட்டும், முந்தைய வார நுரைத் தகட்டில் இன்னொரு நிறம் அடிக்கட்டும். இருவருக்கு ஓர் உளி என்று மட்டும் பங்கு போடாதீர்கள். உளி இல்லாத நேரத்தில் ஒருவர் வேடிக்கை பார்ப்பார், ஐந்தாவது நிமிடம் கைபேசி வெளியே வந்துவிடும்.

மூன்றாவது வாரம் அச்சு எடுக்கும் நாள். நீர் கலந்த அச்சு மை வாங்குங்கள். சோப்பும் தண்ணீரும் போட்டால் கை சுத்தமாகிவிடும். போஸ்டர் வண்ணத்தை வைத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். அது ஓடுகிற வண்ணம், வெட்டிய கோடுகளை நிரப்பிவிடும், தாளையும் ஒட்டிக் கிழிக்கும். ஒரு கண்ணாடியிலோ வழவழப்பான ஓட்டிலோ ஒரு தேக்கரண்டி மை வைத்து ரோலரை மேலும் கீழும் குறுக்கும் நெடுக்கும் உருட்டுங்கள். மை சரியான அளவுக்குப் பரவியதா என்பதைக் கண்ணைவிடக் காது நன்றாகச் சொல்லும். அதிகமாக இருந்தால் சளசளவென்று ஒட்டும் ஓசை; சரியாக இருந்தால் மெல்லிய 'சிர்ர்' என்ற சத்தம், மேற்பரப்பு வெல்வெட் போல இருக்கும். அந்தச் சத்தத்தை எல்லோரையும் ஒரு முறை கேட்க வையுங்கள். லினோ மேல் கனமாக ஒரு முறை தடவுவதைவிட மெல்லியதாக மூன்று முறை தடவுவது மேல்.

தாள் மெல்லியதாக இருக்கட்டும், 90 முதல் 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). ஓவியத்துக்கான தடித்த தாள் அழகாக இருக்கும், ஆனால் அச்சு இயந்திரம் இல்லாமல் கரண்டியால் தேய்த்தால் மை ஏறாது. தாளை லினோ மேல் வைத்ததும் ஒரு கையால் அசையாமல் பிடித்து, கரண்டியின் பின்புறத்தால் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். நடுவில் எல்லோரும் தேய்ப்பார்கள், ஓரத்தை மறப்பார்கள். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, வெளிறியிருந்தால் மறுபடி கீழே விட்டுத் தேய்க்கலாம். வெள்ளைப் புள்ளிகள் சிதறியிருந்தால் மை அல்லது அழுத்தம் குறைவு. கோடுகள் மொழுகியிருந்தால் மை அதிகம், அல்லது தாள் நகர்ந்திருக்கிறது. சுரண்டிய இடத்தில் மிஞ்சிய மேடுகள் கீறல் கீறலாக அச்சில் விழும். சிலர் அதை வெட்டி எடுப்பார்கள், சிலருக்கு அதுதான் பிடிக்கும். அதை அவர்களே முடிவு செய்யட்டும்.

மை தடவும் இடத்தையும் தேய்க்கும் இடத்தையும் பிரித்துவிடுங்கள். தடவ ஒரு நிமிடம், தேய்க்க மூன்று நிமிடம். தேய்ப்பது மைப்பலகையை அடைத்துக்கொண்டு நடக்கக் கூடாது. நான்கு மைப்பலகை, எட்டு ரோலர் இருந்தால் 24 பேருக்கும் வரிசையே இருக்காது. ஜோடி ஜோடியாக வேலை செய்யச் சொல்லுங்கள்: ஒருவர் அழுக்குக் கை, மற்றவர் சுத்தக் கை. அழுக்குக் கைக்காரர் மையையும் லினோவையும் மட்டும் தொடுவார், சுத்தக் கைக்காரர் தாளை மட்டும் தொடுவார். அடுத்த பிரதிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் அரைமணி நேரத்தில் எல்லாத் தாளின் ஓரத்திலும் கட்டைவிரல் ரேகை இருக்கும். ஜோடி சேர்க்கும்போது 13 வயதுக்காரரோடு 17 வயதுக்காரரைப் போடலாம், ஆனால் மூத்த பிள்ளை இளையவருக்கு உதவியாளராகவே நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவரும் கலைக்காகத்தான் வந்திருக்கிறார்.

நான்காவது வாரம் ஒவ்வொருவரும் நான்கு பிரதி: தனக்கு ஒன்று, இன்னொருவருக்குக் கொடுக்க ஒன்று, கூடத்தின் சுவரில் தொங்க ஒன்று, பட்டறையின் கோப்புக்கு ஒன்று. அடியில் பென்சிலால் எண்ணும் பெயரும்: 1/4, 2/4 என்று. பிறகு எல்லாவற்றையும் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டு, சுவரோவியத்துக்கு எவை போகலாம் என்று பேசுங்கள். வாக்கெடுப்பு வைத்தால் நண்பர் கூட்டம் பெரிதாக உள்ளவர் ஜெயிப்பார். அதைவிட, வந்த ஒவ்வொருவரின் அச்சிலிருந்தும் ஒரு வடிவமாவது சுவரில் இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எது பெரிதாக, எது சின்னதாக, எது எங்கே என்பதை மட்டும் குழு தீர்மானிக்கட்டும். பிரதிகளின் நகலை வெட்டி ஒரு பெரிய தாளில் நகர்த்தி நகர்த்திப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் அமைப்பு பிடிபடும்.

இனி சுவர். ஐந்தாவது வாரத்துக்கு முன்பே பெரியவர்கள் செய்து வைக்க வேண்டிய வேலை இது, பிள்ளைகளுக்கானது அல்ல. முதலில், ஓதம் (சுவருக்குள் ஈரம்) இருக்கிறதா என்று பாருங்கள். அரை மீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் நீர் கோத்திருந்தால் அந்தச் சுவரில் எதைத் தீட்டினாலும் பொரிந்து உதிரும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலும் காரணம் அதே நீர்தான். உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி எடுக்க வேண்டும், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் மறுபடி உள்ளே போய்விடும். கசிவு எங்கிருந்து என்று கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகுதான் பெயிண்ட். புதிதாகப் பூசிய சுவர் என்றால் நான்கு வாரமாவது ஆறட்டும். பழைய பெயிண்டின் மேல் டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். செதிலாக வந்தால் சுரண்டியாக வேண்டும். ஒன்றில் மட்டும் கவனம்: பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டால் அந்தத் தூள் காற்றில் பறக்கும். நனைத்துச் சுரண்டுங்கள், முகக்கவசம் போடுங்கள், அன்றைக்குப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கவே கூடாது.

அளவுக் கணக்கு எளிது. 6 மீட்டருக்கு இரண்டரை மீட்டர் என்றால் 15 சதுர மீட்டர். வெளிச்சுவர் எமல்ஷன் ஒரு லிட்டர், ஓரளவு சொரசொரப்பான சுவரில் ஒரு கோட்டிங்குக்கு 8 சதுர மீட்டர் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோட்டிங்குக்கு 30 சதுர மீட்டர், அதாவது நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. சிந்துவதும் கலக்கும்போது வீணாவதும் சேர்த்து ஐந்து லிட்டர். அதன் அடியில் வெள்ளை பிரைமர் இரண்டு லிட்டர். மஞ்சளும் சிவப்பும் அடியில் உள்ளதை மறைக்கிற சக்தி குறைந்த நிறங்கள், அவை விழும் இடத்தில் மூன்றாவது கோட்டிங் தேவைப்படலாம்.

நிறம் ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றையும் முழு அளவுக்கும் ஒரே தடவையில் கலந்து, மூடி போட்ட வாளியில் வைத்து, மூடியின் மேல் அந்த நிறத்தையே ஒரு பட்டை தீட்டி எண் போடுங்கள். பாதியில் தீர்ந்துபோய் மறுபடி கலந்தால் அதே நிறம் வராது. காய்ந்த பிறகு ஒட்டுப் போட்டது போலத் தெரியும். ஈரத்தில் பார்க்கும் நிறத்தைவிடக் காய்ந்தது சற்றுக் கருமையாக இருக்கும், ஒரு அட்டையில் தீட்டிக் காய விட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

படத்தைப் பெரிதாக்க, 60-க்கு 25 சென்டிமீட்டர் தாளில் இறுதி வரைபடம். அதில் 5 செ.மீ கட்டம், சுவரில் 50 செ.மீ கட்டம். இரண்டிலும் 12 பத்தி, 5 வரிசை, 60 கட்டம். சுவரில் ரசமட்டமும் தூக்குக்குண்டும் வைத்து, சாக்பீஸ் பொடி தடவிய நூலை இழுத்து அடித்தால் கோடு விழும். தரையை நம்பி அளக்காதீர்கள், தரை பெரும்பாலும் மட்டமாக இருக்காது. ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று கட்டம். தன் கட்டத்தில் கோடு எந்த விளிம்பில் நுழைந்து எந்த விளிம்பில் வெளியேறுகிறது என்பதை மட்டும் பார்த்தால் போதும். வரைய வராது என்று சொன்னவர்கள் இதில் அசத்துவதைப் பார்ப்பீர்கள். வரைவது சாக்பீஸால் இருக்கட்டும். கரியால் வரைந்தால் வெளிர் நிறங்கள் அழுக்காகும். மார்க்கர் பேனா எமல்ஷனைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிடும், இரண்டு கோட்டிங் போட்டாலும். வரைந்ததும் ஒவ்வொரு பரப்பிலும் நிறத்தின் எண்ணைச் சாக்பீஸால் குறித்துவிடுங்கள்.

இப்போது உங்கள் திட்டத்தின் பெரிய சிக்கல். சுவர் முன் ஒருவர் வசதியாக நிற்க ஒரு மீட்டர் வேண்டும். உங்கள் சுவரில் ஆறு பேர். ஒருவர் தலைக்கு மேல் இன்னொருவர் தீட்டக் கூடாது. சொட்டுகிற வண்ணத்தைவிட அதனால் வருகிற சண்டை மோசம். ஆக மீதி 18 பேர்? ஆறாறு பேராக நான்கு குழு, அரைமணி நேர முறை. மற்ற மூன்று குழுவுக்குச் சும்மா ஏதோ வேலை கொடுத்து உட்கார வைக்காதீர்கள், உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அச்சு மேசையை மூடாமல் வைத்திருங்கள். திறப்பு விழா அழைப்பிதழையே லினோவில் வெட்டி, வீடு வீடாகக் கொடுக்க 200 பிரதி அடிக்கட்டும். அது நிஜமான வேலை, சுவருக்குச் சமமான வேலை.

வேறொரு வழியும் உண்டு. ஃபிலடெல்ஃபியாவில் 1984 முதல் இயங்கும் சுவரோவியத் திட்டத்தில், நெய்யாத மெல்லிய துணித் துண்டுகளில் உள்ளேயே உட்கார்ந்து அக்ரிலிக் வண்ணத்தால் தீட்டி, பிறகு அக்ரிலிக் பசையால் சுவரில் ஒட்டுகிறார்கள். மழை வந்தாலும் வேலை நிற்காது, 24 பேரும் ஒரே நேரத்தில் தீட்டலாம், ஏணியே வேண்டாம். ஆனால் ஒட்டுவது கைதேர்ந்த வேலை. உள்ளே காற்றுக்குமிழ் நின்றால் அந்த இடம் உரியும். முதல் சுவருக்கு நேரடியாகத் தீட்டுவதையே சொல்வேன்.

தீட்டும் நாட்களில் சில விஷயங்கள். எமல்ஷன் ஒரு கோட்டிங் காய இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். 2 மணி நேரப் பட்டறையில் இரண்டாவது கோட்டிங்குக்கு இடமில்லை. ஏழாவது, எட்டாவது வாரங்களில் காலை ஒன்று, மாலை ஒன்று என இரட்டை அமர்வு வையுங்கள், இல்லாவிட்டால் எட்டு வாரத்தில் முடியாது. சுவரில் நேர் வெயில் விழும் நேரத்தைத் தவிருங்கள். பிரஷ் இழுக்கும்போதே காய்ந்து கோடு கோடாக நிற்கும். கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் பெயிண்ட். பிரஷ் 25 மி.மீ அகலத்தில் ஒரு டஜன், 50 மி.மீ அகலத்தில் ஒரு டஜன், கோட்டுக்கு மெல்லியது ஆறு. பிரஷைத் தண்ணீர் வாளியில் தலைகீழாக நிற்க வைத்துவிட்டுப் போவார்கள், ஒரே வாரத்தில் மயிர் வளைந்து பாழாகும். கழுவ மூன்று வாளி வரிசையாக வையுங்கள். முதல் வாளியில் அடியில் தங்குகிற வண்டலைக் காய வைத்துக் குப்பையில் போடுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

வெளிர் நிறம் முதலில், கருநிறம் கடைசியில். பக்கத்துப் பக்கத்து நிறங்கள் சில மி.மீ ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் பரவாயில்லை. கடைசியில் ஓடும் கறுப்புக் கோடு எல்லா நடுக்கத்தையும் மூடிவிடும். அந்தக் கோட்டைப் போடப் போட்டி இருக்கும், இரண்டு மூன்று பேர் முன்கூட்டியே அட்டையில் பழகி வரட்டும். ஏணியில் பிள்ளைகள் ஏற வேண்டாம். மேல் வரிசை தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேலே இருக்கும். வரைபடத்திலேயே அங்கே வானம் போன்ற ஒரே நிறப் பரப்பை வைத்துவிட்டால் பெரியவர்கள் ரோலரால் முடித்துவிடலாம்.

சுவர் பெரிதாகத் தோன்றினால் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், வெட்கமில்லை. ஓவியர் ஜூடி பாகா தலைமையில் லாஸ் ஏஞ்சலஸில் 400-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் தீட்டிய அரை மைல் நீளச் சுவரோவியம்கூட 1976-இல் தொடங்கி ஐந்து கோடைகளில், பகுதி பகுதியாக வளர்ந்ததுதான்.

பெரியவர்கள் எத்தனை பேர் என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எட்டுப் பேருக்கு ஒருவர். எந்த நேரத்திலும் குறைந்தது இரண்டு பேர். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு பூட்டிய அறையில் தனியாக இருக்கும் சூழ்நிலையே வரக் கூடாது, அது பொருள் அறையாக இருந்தாலும். பெற்றோரிடம் வாங்கும் ஒப்புதல் தாளில் பட்டறையில் கலந்துகொள்வதற்கு ஒன்று, புகைப்படம் எடுத்து வெளியிடுவதற்கு ஒன்று என்று தனித்தனிக் கட்டம் வையுங்கள். ஒன்றுக்குச் சரி சொல்லி மற்றதற்கு மறுப்பவர்கள் இருப்பார்கள், அது அவர்கள் உரிமை. கட்டட உரிமையாளரிடம் என்ன அளவு, எத்தனை ஆண்டு இருக்கும், பிறகு யார் வெள்ளையடிப்பது என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை ஒரு வருடம்கூடத் தாங்காது. கலைஞருக்குக் கொடுக்கும் ஊதியத்தில் முன்தயாரிப்பையும் சேருங்கள்; இரண்டு மணி நேர அமர்வுக்குப் பின்னால் இன்னும் இரண்டு மணி நேரமாவது ஒளிந்திருக்கிறது.

உங்கள் நால்வருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் தாளில் நீங்கள் கை வைக்காதீர்கள். திருத்திக் காட்ட வேண்டுமென்றால் உங்கள் தாளில் காட்டுங்கள். ஒரு கோடு நீங்கள் போட்டால் அந்தப் படம் உங்களுடையதாகிவிடும், அடுத்த வாரம் அவர் உங்களிடமே நீட்டுவார். "அழகா இருக்கு" என்பதும் உதவாது. "இந்த ஓரத்தில் மை நல்லா ஏறியிருக்கு, அங்கே என்ன செஞ்சே?" என்று கேளுங்கள், பேச்சு தொடரும்.

சுவரில் பெயர் எழுதும்போது முதல் பெயர் மட்டும் போதும், எழுத்துக்கூட்டலை அவரவரிடமே கேட்டு எழுதுங்கள். இரண்டு வாரம் வந்து நின்றுவிட்டவர்களின் பெயரும் இருக்கட்டும். அவர்கள் வெட்டிய வடிவமும் அங்கே இருக்கிறதே.

முதல் சனிக்கிழமைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து வையுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, கதவு திறந்ததிலிருந்து கடைசி ஆளின் கையில் மை பட எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் குறியுங்கள். 40-ஐத் தாண்டியிருந்தால், இரண்டாவது சனிக்கிழமைக்குள் இன்னொரு மைப்பலகையும் இரண்டு ரோலரும் வாங்கிவிடுங்கள்.